அயடீன் துளியா, டெஸ்டோஸ்டிரோன் ஊசியா: இரண்டுக்கும் முன் நான் செய்தவை

எனக்கு வயது 46. கொஞ்சக் காலமாக எந்த நேரமும் களைப்பு. காலமை எழும்பும்போதே உடம்பு அசதி, மத்தியானம் சோறு சாப்பிட்டால் கந்தோரில் கதிரையிலேயே கண் சொருகும், மனைவியோடு நெருக்கமும் குறைந்துவிட்டது. நான் கடைசியாகச் சொன்னதைப் பற்றி எங்கள் யாழ்ப்பாணத்து ஆண்கள் வாயே திறக்க மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் மச்சான் “உனக்கு அயடீன் காணாதடா” என்று ஒரு போத்தல் துளிமருந்தை ஆளிடம் கொடுத்தனுப்பினான். கூட வேலை செய்யும் ஒரு அண்ணை “நாப்பது தாண்டினால் ஆண் ஹோர்மோன் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஊசி போட்டால் எல்லாம் சரி” என்றார். இரண்டு பேரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். எனக்கோ முதலில் தெரியவேண்டியிருந்தது ஒன்றுதான்: இதில் ஏதாவது என் உடம்பில் உண்மையிலேயே குறைவா?

போத்தலில் 5 வீத லூகோல் கரைசல் என்று இருந்தது, அதாவது அயடீன் கரைத்த நீர். கணக்குப் பார்த்தேன். ஒரு துளியில் சுமார் 6 மில்லிகிராம், அதாவது 6000 மைக்ரோகிராம் அயடீன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். அதாவது ஒரே துளியில் ஏறக்குறைய 40 நாள் தேவை! அமெரிக்கர் வைத்திருக்கும் நாளாந்த உச்ச எல்லையே 1100 மைக்ரோகிராம்தான்.

அயடீனுக்கு ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் டேவிட் மரைன் என்ற மருத்துவர் முதலாம் உலகப்போர்க் காலத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு அயடீன் கொடுத்து கழுத்துக் கழலையைத் தடுத்துக் காட்டினார், 1922இலேயே சுவிட்சர்லாந்து உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிவிட்டது, கர்ப்பிணித் தாய்க்கு அது கிடைக்காவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சியே கெடும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் இவ்வளவும் குறைவு உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது கிடைத்த பலன். போதியளவு உள்ள ஒருவர் மேலதிகமாகக் குடித்தால் களைப்புத் தீரும் என்பதற்கு அப்படியொரு ஆதாரம் என் கண்ணில் படவில்லை. மாறாக, சீனாவில் மூன்று பிரதேச மக்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், அயடீன் கூடிய இடங்களில்தான், அயடீனைக் கொண்டு ஹோர்மோன் செய்யும் கழுத்துச் சுரப்பியான தைரொயிட்டின் மந்தமும் அழற்சியும் அதிகம் காணப்பட்டன.

சரி, எனக்குக் குறைவா? சனல் பண்ணிப் பார்த்த டொக்டர் கேட்ட முதல் கேள்வியே “வீட்டில் என்ன உப்புப் பாவிக்கிறீர்கள்?” என்பதுதான். இலங்கையில் 1995இலிருந்து உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் சாக்கில் வரும் கல்லுப்பைத்தான் எடுப்பா, கறிக்குப் பைக்கற்றில் வரும் உப்பு. கடலுப்பில் அயடீன் தானாகவே நிறைய இருக்கும் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள், அதில் இருப்பது மிகச் சொற்பம். பைக்கற் உப்பையும் மூடி வைக்கச் சொன்னார், கறியை இறக்கும் நேரத்தில் போடச் சொன்னார், சூட்டிலும் ஈரத்திலும் அயடீன் போய்விடுமாம். கிழமையில் பல நாள் மீனும் கணவாயும் சாப்பிடுகிற வீட்டில் குறைவு வருவது அரிது என்றார். சிறுநீரில் அயடீன் பார்க்கலாமா என்று கேட்டேன். அது நாளுக்கு நாள் மாறும், ஒரு ஊரின் நிலையை அறிய உதவும், தனி ஒருவருக்கு ஒரு தடவை எடுத்து முடிவு சொல்ல முடியாது என்றார். கையில் அயடீன் பூசி எவ்வளவு கெதியில் மறைகிறது என்று பார்க்கும் முறையை அவர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தைரொயிட் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரீஎஸ்எச் (TSH) இரத்தப் பரிசோதனை எடுத்தார், 2.1 வந்தது, தைரொயிட் பக்கம் பிரச்சினை இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் கதை வேறு. டொக்டரிடம் போவதற்கு முன்பே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் அதை எடுத்திருந்தேன், பின்னேரம், சாப்பிட்டபின். “எப்பவும் வரலாம்” என்றுதான் அங்கே சொன்னார்கள். டெசிலீட்டருக்கு 248 நனோகிராம், பக்கத்தில் குறைவு என்று அம்புக்குறி. அந்தத் தாளைப் பார்த்து யாராவது ஊசி எழுதித் தந்திருந்தால் என் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். டொக்டர் தாளை ஒதுக்கி வைத்தார். இது காலமை உச்சத்தில் இருக்கும் ஹோர்மோன், சாப்பாடும் காய்ச்சலும் அதை இறக்கும், அதனால் வெறும் வயிற்றில் காலமை எடுக்கவேண்டும், குறைவென்றால் இன்னொரு நாள் திரும்பவும் எடுத்து உறுதி செய்யவேண்டும். தைரொயிட் மந்தமாக இருந்தாலும் மொத்த அளவு தாழ்ந்து காட்டும், இரத்தத்தில் அதைச் சுமக்கும் புரதம் குறைவதால். ஆகவேதான் ரீஎஸ்எச்சை முதலில் எடுத்தாராம். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் விடிய வெள்ளன போய்க் கொடுத்தேன். 362 வந்தது. அவர் வைத்திருந்த கீழ் எல்லை 264.

அளவு உண்மையிலேயே குறைந்தவர்களுக்கும் டெஸ்டோஸ்டிரோன் மருந்து என்ன செய்கிறது என்று வாசித்துப் பார்த்தேன். 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 65 வயது தாண்டிய, அளவு 275க்குக் கீழ் இருந்த 790 ஆண்கள். ஒரு வருடம் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியதில் பாலுறவு நாட்டம் ஓரளவு கூடியது, மனநிலை சற்றுத் தெளிந்தது. களைப்பு? மருந்தில்லாத போலி ஜெல் பூசியவர்களோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எல்லோரும் ஊசி தேடுவதே களைப்புக்காகத்தானே! 2023இல் இதயநோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 5200க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை, அது நல்ல செய்தி. ஆனால் இதயத் துடிப்புச் சீர்கேடும் நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்று அதிகம். விதைகளோ மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியோ பழுதானவர்களுக்கு இது தேவையான மருந்து, அவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

கலியாணம் கட்டிப் பிள்ளைக்குக் காத்திருக்கும் தம்பிமாருக்கு ஒன்று கட்டாயம் சொல்லவேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், தாங்கி நிரம்பியதும் மிதவை மோட்டரை நிறுத்துவது போல மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும், திரும்பி வர மாதக் கணக்காகும். ஜிம்மில் கைமாறும் ஊசியைப் போடும் பெடியளுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

பிறகு டொக்டர் என்னை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்து, “இவர் குறட்டை விடுவாரா?” என்றார். “விடுவார், இடையில மூச்சு நின்று பிறகு இழுக்கும், எனக்குப் பயத்தில நித்திரையே வாறதில்லை” என்றா. எனக்கு இது புதுச் செய்தி. கழுத்துச் சுற்றளவை அளந்தார், நிறையைப் பார்த்தார், தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் தந்தார். நித்திரையில் மூச்சுத் தடைப்படுவதே பகல் களைப்புக்கும் நாட்டம் குறைவதற்கும் காரணமாகலாம், உடம்பு மெலிந்தால் டெஸ்டோஸ்டிரோனும் தானாக ஏறும் என்றார்.

இப்போது பின்னேரத்தில் நடக்கிறேன், இரவுச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், பரிசோதனைக்குத் திகதி வரக் காத்திருக்கிறேன். மச்சானிடம் போனில் அந்த 40 மடங்குக் கணக்கைச் சொன்னேன். அவனும் தினமும் இரண்டு துளி குடிக்கிறானாம், இந்தக் கிழமையே தன் தைரொயிட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.