பக்கத்துப் பலகையில் கற்றுக்கொண்டது

தஞ்சாவூர் ஓவியம் கற்க நான் முதலில் சேர்ந்தது இரண்டு நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில். கட்டணம் கட்டியதும், விநாயகர் உருவம் பதித்து, கற்கள் ஒட்டி, சுண்ணாம்பும் கோந்தும் குழைத்துப் புடைப்பாக எழுப்பும் மக்கு வேலையும் முடிந்து காய்ந்திருந்த ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். முதல் நாள் பொன்னிறத் தாளை ஒட்டினோம். மறுநாள் குறித்த இடங்களில் குறித்த வண்ணங்களைத் தீட்டினோம். மாலையில் படத்தோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால், “இந்த முகத்தை நீயாம்மா வரைஞ்சே?” என்று மகள் கேட்டபோது என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் அந்தப் பொன்னிறம் ஓரங்களில் கறுக்கத் தொடங்கியது. ஒட்டியது தங்கமே இல்லை என்பதும், மலிவான உலோகத் தாள் காற்றுப் பட்டுக் கறுத்துவிடும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

அதற்கு அடுத்த ஆண்டு ஆடி மாதத்தில், திருச்சியில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கூடத்தில், சனிக்கிழமைதோறும் பிற்பகல் 3 மணி முதல் 6 மணி வரை ஓவிய வகுப்பு தொடங்குவதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். கற்பிக்க வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓவியர். சிறு வயதிலேயே தம் தந்தையிடம் இந்தத் தொழிலைக் கற்றவர். அவரை நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். பொன்மலை ரயில்வே பணிமனையில் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, பதினொன்றாம் வகுப்பு மாணவிகள் இருவர், மருமகளோடு வந்து சேர்ந்த அறுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலால் ஒரு கோடு வரைந்ததில்லை.

முதல் ஆறு வாரங்கள் ஐயா எங்களுக்குப் பலகையையே காட்டவில்லை. அளவுகோல் இல்லாமல் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு தாமரை இதழ், அதன் பிறகே முகம் என்று நோட்டுப் புத்தகத்தை நிரப்பச் சொன்னார். உருவத்தை எப்படி அளப்பது என்பதை அங்கேதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரையுள்ள முகத்தின் நீளம் ஒரு தாலம். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் அங்குலம். இது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று; அந்தந்த உருவத்தின் முகத்திலிருந்தே பிறப்பது. திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு முழு உயரம் பத்துத் தாலம் என்றால், குழந்தைக் கண்ணனுக்கும் விநாயகருக்கும் ஐந்து தாலந்தான். கண்ணன் எந்தப் படத்திலும் குழந்தையாகத் தெரிவதற்குக் கன்னத்தின் உப்பலும் கையிலுள்ள வெண்ணெய்யும் மட்டும் காரணமல்ல, இந்தக் கணக்கும் காரணம் என்று புரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கணக்கு என் தொழில் என்பதால்கூட இருக்கலாம்.

ஆறாம் வாரம் எல்லோரும் ரயிலேறித் தஞ்சாவூருக்குப் போனோம். சரஸ்வதி மகால் நூலகத்தை ஒட்டிய அருங்காட்சிக்கூடத்திலும் அரண்மனைக் கலைக்கூடத்திலும் பாதி நாளைச் செலவிட்டோம். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் இந்தக் கலை செழித்தது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பழைய படத்துக்கு முன்னால் நின்று பார்ப்பது வேறு. ஐயா எங்களை நேராக நின்று பார்க்க விடவில்லை. பக்கவாட்டில் போய், வெளிச்சம் சாய்ந்து விழும் கோணத்தில் நின்று பார்க்கச் சொன்னார். அப்போதுதான் தூண்களிலும் திரைச்சீலையின் மடிப்புகளிலும் மக்கு எந்த அளவுக்கு எழும்பி நிற்கிறது, எந்த இடத்தில் தாழ்ந்து மறைகிறது என்பது தெரிந்தது. மைசூர் ஓவியத்தில் இந்தப் புடைப்பு மிகவும் மெல்லியதாக இருக்கும் என்றும், நம் ஊர்ப் படத்தை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது இந்த எழுச்சியைத்தான் என்றும் அவர் சொன்னார்.

பலகை வேலை ஏழாம் வாரம் தொடங்கியது. முற்காலத்தில் பலா மரப் பலகையில் எழுதியதால்தான் இதற்குப் பலகைப் படம் என்றும் பெயர். இப்போது எல்லோருக்கும் பிளைவுட்தான். அதன்மேல் காடாத் துணியைப் பசையால் ஒட்டி, காய்ந்தபின் சீமைச் சுண்ணாம்புத் தூளைக் கோந்துடன் குழைத்து மூன்று முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பசைக்குக் கடைச் சரக்கு வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை அது. பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தார்.

நான் மூன்று பூச்சும் பூசித் தேய்த்து முடித்திருந்தேன். விரலால் தடவினால் கண்ணாடி போல் வழுக்கியது. உருவத்தைப் பதிக்கக் கார்பன் தாளை எடுத்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த ரயில்வே ஐயா தம் பழக்கத்தால் என் பலகையை நகத்தால் அங்கங்கே தட்டினார். எல்லா இடத்திலும் ‘டக்’ என்று கெட்டியாக ஒலித்தது, நடுவில் மட்டும் பப்படத்தைத் தட்டியதுபோல் ‘பொக்’கென்று கேட்டது. “இங்கே துணி பிடிக்கலைம்மா” என்றார். ஓவிய ஆசிரியரும் வந்து தட்டிப் பார்த்தார். ஓரமாக இருந்தால் பிளேடால் கீறி உள்ளே பசை செலுத்திச் சமாளிக்கலாம். இது கண்ணனின் முகம் வர வேண்டிய இடம், பின்னாளில் உப்பி வெடித்தால் முகமே போய்விடும், ஆகவே உரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள் என்று அமைதியாகச் சொன்னார். நான்கு சனிக்கிழமை உழைப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் தையல்கடை அக்கா. அவருடைய பலகையில் ஒரு குமிழ்கூட இல்லை. “புதுக் காடாவிலே கஞ்சி இருக்கும், அதை அலசிட்டுத்தானே ஒட்டினீங்க?” என்று அவர் கேட்டபோதுதான், கடையில் வாங்கிய துணியை நான் அப்படியே ஒட்டியிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது. துணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அறிவு அவருடைய கையிலேயே இருந்தது. ஐயாவும் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் துணியை அலசியே ஒட்டுவதால், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாமே என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். நானும் நிறையக் காணொளிகள் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலகை எப்போதும் சரியாகவே இருக்கும். என் பலகையைத் தட்டிப் பார்க்கவும், தம் பலகையைத் தட்டிப் பார்க்கக் கொடுக்கவும் பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதே அந்த நான்கு வாரங்களை இழந்து நான் தெரிந்துகொண்ட செய்தி.

இரண்டாம் பலகை ஐப்பசி மழையில் மெதுவாகத்தான் காய்ந்தது. அதற்குள் மற்றவர்கள் மக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். பின்தங்கியதால் எனக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. பதினொரு பேரின் கைகளையும் பார்த்துவிட்டுத் தொடங்க முடிந்தது. மக்கு என்பது அதே சீமைச் சுண்ணாம்பும் கோந்தும்தான் என்றாலும் பதம் வேறு. தூரிகை நுனியிலிருந்து தேன்போல் இறங்க வேண்டும், இறங்கிய இடத்தில் பரவாமல் நிற்கவும் வேண்டும். மாணவிகளில் ஒருத்தி அவசரப்பட்டு, நகை முழுவதையும் ஒரே தடவையில் உயரமாக வைத்து, மின்விசிறிக்கு நேர் கீழே காயவைத்தாள். மேல்பகுதி முதலில் இறுகி, உள்ளே ஈரம் மெதுவாகச் சுருங்கியதால், அடுத்த வாரம் வந்து பார்த்தபோது முத்துமாலை முழுதும் வெடிப்பு விட்டிருந்தது. மெல்லியதாக வைத்து, நிழலில் காயவிட்டு, மறுபடியும் ஏற்ற வேண்டும் என்பதை அன்று எல்லோருமே கற்றுக்கொண்டோம்.

மக்கு வைப்பதில் எங்கள் வகுப்பில் யாரும் அந்த அறுபத்தெட்டு வயது அம்மாவுக்கு ஈடாக முடியவில்லை. எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த அவர், முகம் வரையும் வாரங்களில் மிகவும் தயங்கியவர். தூரிகையைக் கையில் வாங்கி இரண்டு மூன்று துளிகள் விட்டுப் பார்த்ததும், “இது இழைக்கோலம்ல!” என்றார். அரிசிமாவில் நனைத்த துணியை உள்ளங்கையில் அழுத்தி, மோதிர விரல் வழியாக மாவை இழையாக இறக்கும் அதே அழுத்தத்தை அவர் தூரிகைக்கும் கொண்டுவந்தார். தூரிகையின் முனை பலகையைத் தொடுவதே இல்லை. இறங்கும் மக்கே கோட்டை இழுத்துக்கொண்டு போயிற்று. மயில் தோகையின் வளைவை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, ஐயா தம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு நாங்கள் அனைவரும் மக்குப் பாடத்துக்கு அந்த அம்மாவிடந்தான் போனோம். எனக்கு அவர் சொன்னது ஒன்றே: “கையைப் பார்க்காதே கண்ணு, கோடு எங்க போகணுமோ அந்த இடத்தைப் பாரு.”

தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தாள், ஒட்டும் நாளில் கூடத்தின் மின்விசிறிகளை நிறுத்திச் சன்னல்களையும் சாத்திவிடுவோம். மூச்சுக் காற்றுக்கே சிலிர்க்கும் 22 காரட் ரேக்கு அது. காய்ந்த மக்கின்மேல் கோந்தை ஒரே சீராகத் தடவி, ஈரம் சற்று இழுத்துக்கொண்ட பதத்தில், அளவாக வெட்டிய ரேக்கைக் கிடத்திப் பஞ்சால் ஒற்ற வேண்டும். பிறகு தூரிகையின் பின்முனையால் பள்ளங்களில் மெதுவாக அழுத்தினால், அதுவரை வெறும் மஞ்சள் தாளாகத் தெரிந்த இடத்தில் தோள்வளையும் ஒட்டியாணமும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். கற்கள் இருக்கும் இடத்தில் ரேக்கு மூடியிருக்கும். பிளேடு முனையால் கல்லின் விளிம்பைச் சுற்றி வெட்டி எடுத்தவுடன் உள்ளேயிருந்து சிவப்பு பளிச்சிடுகிறது. கோந்து அதிகமானால் ரேக்கு வழுக்கும், குறைந்தால் ஓரம் தூக்கும். எனக்கு இரண்டு இடங்களில் தூக்கியது. ஒட்டுப் போட்டேன், தெரியவில்லை. விலை கூடுதல் என்று சிலர் போலித் தாளையே பயன்படுத்த விரும்பினார்கள். ஐயா மறுக்கவில்லை. எது எது, எத்தனை ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு தாள்களையும் கையில் கொடுத்து விளக்கினார். 2007-08 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கலை இது; எந்தத் தாளை ஒட்டுகிறோம் என்று கற்பவரிடம் சொல்லாமல் கற்பிப்பது எனக்குத் தவறாகவே படுகிறது.

வண்ண வேலை எனக்குக் கடினமாக இல்லை. பின்னணிக்குக் கருஞ்சிவப்பு, திரைக்குப் பச்சை, கண்ணனுக்கு வெண்மை கலந்த மேனி நிறம் என்று நான்கு வாரங்களில் முடிந்தது. கண்கள் மட்டும் மீதமிருந்தன. வழக்கப்படி அவை கடைசியில்தான். இடக்கண் வலக்கண்ணைவிட இழையளவு மேலே ஏறிவிட்டது. திருத்தித் தரும்படி தூரிகையை ஐயாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கண்ணாடியில் படத்தைக் காட்டிப் பாருங்கள், இடம் வலம் மாறித் தெரிந்தால் எங்கே தவறு என்பது உங்களுக்கே விளங்கும் என்றார். வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய் அடுத்த வாரம் பார்த்தேன். கண் அல்ல, புருவந்தான் சாய்ந்திருந்தது. மயிரிழைத் தூரிகையால் மூன்று கோடுகள், பார்வை நேரானது.

தை மாதக் கடைசியில் ரயில்வே ஐயா எங்கள் பன்னிரண்டு பேருக்கும் தேக்கில் சட்டம் செய்து கொடுத்தார். மரத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். சட்டத்தின் கண்ணாடி, படத்தின் கற்களையும் மக்கையும் தொடாதபடி உள்ளே மெல்லிய மரச்சில்லு வைத்து இடைவெளி விட்டிருக்கிறார். இதுபோன்ற வகுப்பில் சேர நினைப்பவர்கள் என்னிடம் விசாரிக்கும்போது, பலகையை நீங்களே தயார் செய்ய விடுவார்களா, முகத்தை வரையக் கற்றுத் தருவார்களா, ஒருவர் பலகையை ஒருவர் எட்டிப் பார்க்கும்படி உட்கார இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள் என்கிறேன்.

படம் கூடத்தில், வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டியிருக்கிறது. அடுத்தது ராமர் பட்டாபிஷேகம். ஒன்பது உருவங்கள், இரண்டு மடங்கு பெரிய பலகை. அதற்கு வாங்கிய காடாத் துணி கஞ்சி போக இரண்டு முறை அலசிக் கொடியில் காய்கிறது.