இரவு 9 மணிக் கணக்கு

அக்காவுக்குக் குழந்தை பிறந்த மறுநாளே அதன் உதடும் விரல் நகங்களும் நீலம் பாரித்துவிட்டன. எக்கோ எடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருந்தன. சுத்தமான ரத்தம் உடம்புக்குப் போகாமல் திரும்பவும் நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. பிறந்தபின் தானாக மூடிக்கொள்ளும் ஒரு சின்னக் குழாய் மூடாமல் இருக்க, புரோஸ்டாகிளாண்டின் மருந்தை இடைவிடாமல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

குழாய்களை வெட்டி இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷனை 1975-இல் பிரேசிலில் அதீப் ஜடேனே என்ற மருத்துவர் செய்து காட்டியிருக்கிறார். இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் நாள் தள்ளினால் இதயத்தின் இடது கீழறை குறைந்த அழுத்தத்துக்குப் பழகிப்போகும், அப்புறம் உடம்பு முழுக்க ரத்தம் தள்ள அதற்குத் தெம்பிருக்காது. “முதல் 2, 3 வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது” என்றார் டாக்டர். கையில் இருந்த பணம் கால்வாசிக்குக்கூடக் காணாது.

அன்று ராத்திரி அழுதுகொண்டே ஒரு மெசேஜ் எழுதி, போனில் இருந்த எல்லாருக்கும் அனுப்பினேன். “பிரார்த்திக்கிறோம்” என்று நிறையப் பதில் வந்தது, பணம் வரவில்லை. கணக்கு வேலை பார்க்கும் நண்பன் காலையில் கூப்பிட்டான்: “எவ்வளவு வேணும், எதுக்கு, என்னைக்குள்ள வேணும்? அது எதுவுமே இதுல இல்லையேடா.”

நேராக மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் போனேன். முத்திரை போட்ட எஸ்டிமேட்டை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டேன்: ஐசியூ எத்தனை நாள், வென்டிலேட்டர் இதில் சேர்ந்ததா, வீக்கம் வடியும்வரை நெஞ்சை மூடாமல் வைக்க நேர்ந்தால் கூடுதலாக எவ்வளவு ஆகும். ஆபரேஷனுக்கு முன் கட்டவேண்டியது எவ்வளவு, பிறகு கட்டலாம் என்பது எவ்வளவு என்று அவரே பிரித்துக் கொடுத்தார். உதவி நிதிக்கான விண்ணப்பத்தையும் நீட்டினார். நாங்கள் கேட்டிருக்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

இரண்டாவது மெசேஜ் 8 வரிதான். நோயின் பெயர், தேவையான தொகை, கடைசி நாள், மருத்துவமனையின் வங்கிக் கணக்கு, குழந்தையின் நோயாளி எண். பணம் எங்கள் கைக்கு வராமல் நேரே அங்கே போகட்டும் என்று முடிவு செய்தோம். நிதி திரட்டும் இணையதளம் ஒன்றிலும் பதிந்தோம். ஆவணம் சரிபார்க்கவே 2 நாள் ஆனது, திரட்டிய பணத்தை எடுக்க இன்னும் சில நாள். அதை முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும்.

“தம்பி, குழாயோட இருக்கிற மூஞ்சியப் போடாத. நாளைக்கு அவன் வளர்ந்து பார்ப்பான்” என்றாள் அக்கா. அதனால் பாதத்தை மட்டும் படமெடுத்தேன். என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஆக்ஸிமீட்டரின் சிவப்பு வெளிச்சம் தோலைத் தாண்டித் தெரிந்தது.

நாலாவது நாள் வரவு அப்படியே நின்றுபோனது. மெசேஜை நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தேன். கேட்க நா எழவில்லைதான், ஆனாலும் கேட்டேன். பெரும்பகுதி அந்த அழைப்புகளில்தான் வந்தது. என்னிடம் பணம் இல்லை என்ற ஒருவர் ரத்தம் கொடுக்க வந்து நின்றார். யாரோ எங்கள் மெசேஜில் வேறு கணக்கு எண்ணைப் போட்டு உலவ விட்டிருந்ததை நண்பன்தான் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து தினம் இரவு 9 மணிக்கு, சரியான கணக்கு எண்ணோடு, வந்தது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று எல்லாருக்கும் அனுப்பினேன்.

12-ஆவது நாள் முன்பணம் நிறைந்தது. இனி அனுப்ப வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டோம். அதற்குமேல் வந்ததை, கொடுத்தவர்களைக் கேட்டுக்கொண்டு அந்த உதவி நிதியிலேயே சேர்த்தோம்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து, கையைக் கழுவிக்கொண்டு ஐசியூவுக்குள் போன அக்கா முதலில் அவன் விரலைத்தான் தூக்கிப் பார்த்தாளாம். அன்றைய 9 மணி மெசேஜில் தொகை எதுவும் இல்லை. “நகம் சிவந்திருக்கிறது” என்று மட்டும் அனுப்பினேன்.