2 மி.மீ. எட்ஜ் பேண்ட் ஒருவழியாக வளைந்தது

மேஜையின் வட்ட மூலை ஒட்டிக்கொண்டது, அசையவில்லை! 18 மி.மீ. ப்ளைவுட், அதன் விளிம்பை மூட 2 மி.மீ. தடிமனுள்ள பிவிசி பட்டை, அதாவது எட்ஜ் பேண்ட், மூலையின் ஆரம் 50 மி.மீ. என்று சொன்னாலே செய்து பார்த்தவர்களுக்குத் தலைவலி புரிந்துவிடும். 0.8 மி.மீ. என்றால் கையாலேயே சுற்றிவிடலாம்தான். ஆனால் பிள்ளைகள் ஸ்கேலால் நோண்டியே அதைப் பெயர்த்துவிடுவார்கள்.

சூடு காட்டாமல் வளைத்தால் வெளிப்பக்கம் வெளுத்துக் கோடு விழும். ஹேர் டிரையர் போதும் என்பவர்கள் 2 மி.மீ. பட்டையைத் தொட்டே பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பிவிசி இளக ஏறக்குறைய 80 டிகிரி வேண்டும், அதுவும் உள்வரை இறங்க வேண்டும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன் 500 டிகிரி வரை போகும். மேல்தோல் பளபளத்துப் பாழாகும், நடுப்பகுதி விறைப்பாகவே இருக்கும். இன்னும் காட்டினால் மூக்கைக் காந்தும் புகை வேறு.

அதனால் கொதிநீர். எவ்வளவு தளதளத்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது, கருக வழியே இல்லை. கால் வட்டத்துக்கு ஏறக்குறைய 8 செ.மீ. நீளம் வரும். அதைப் பென்சிலால் குறித்து, இருபுறமும் கொஞ்சம் சேர்த்து வாணலியில் முக்கினால், சற்று நேரத்தில் ஈர ஓலை மாதிரி மடங்குகிறது.

சூட்சுமம் இனிமேல்தான். எடுத்த சூட்டில் நேராக மேஜையில் சுற்றாதீர்கள். விட்டதும் பட்டை கொஞ்சம் விரியும். அந்த இழுவிசை பசையைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். மூலையைவிடச் சின்ன வட்டத்தில் வளைக்க வேண்டும். 7 செ.மீ. விட்டமுள்ள எவர்சில்வர் தம்ளரில் சுற்றி, துணியால் இறுக்கிப் பிடித்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் அமுக்கினேன். கையை எடுத்ததும் விரிந்து, மூலைக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் எஸ்ஆர் எனும் செயற்கை ரப்பர் பசை. ப்ளை விளிம்பு முதல் பூச்சைக் குடித்துவிடும், அதற்கு மட்டும் இரண்டு பூச்சு. விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வளைவில் தொடங்கி இருபக்கமும் அழுத்திக்கொண்டு போக வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போது பக்கத்தில் ஹீட் கன் கூடவே கூடாது, பற்றிக்கொள்ளும்.

பட்டை எங்கே கிடைக்கும்? ஹார்டுவேர் கடைக்காரர் 50 மீட்டர் ரோலாகத்தான் தருவேன் என்று அடம்பிடித்தார். மாடுலர் கிச்சன் பட்டறைகளில் கேளுங்கள், துண்டுகள் நிறைய விழும். எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கொதிநீர் கைக்கு வந்துவிட்டதால் அடுத்த கண் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில். புது கேஸ்கெட்டை மடித்துப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார்கள், மடிப்பு மடிப்பாக நிற்கிறது. அதுவும் மென் பிவிசிதான். வெந்நீரில் போட்டு நீவினால் நேராகிவிடும்.

மேஜையில் சீவும் வேலை அப்படியே கிடக்கிறது. 22 மி.மீ. அகலமுள்ள பட்டை மேலும் கீழும் 2 மி.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. பசை முழுதாக இறுகட்டும். அரத்தை மரத்தின் பக்கமாக மட்டுமே தள்ளப்போகிறேன், வெளியே இழுத்தால் பட்டையும் கூடவே வந்துவிடும்.