ரெண்டு நாள் வேலை என்று சொன்ன டெம்ப்ளேட்

எங்கள் கம்பெனி சிங்கப்பூரில் காக்கி புக்கிட்டில் இருக்கிறது. ஏர்கான் மாட்டுவது, சர்வீஸ் செய்வது, அறுபது பேர் வேலை. கப்போர்டு நிறைய ஃபைல், பாதி ஃபைலில் என்ன இருக்கிறது என்று வைத்தவருக்கே தெரியாது. எல்லாவற்றையும் ஆவண மென்பொருளில் ஏற்றிவிடலாம் என்று முதலாளி முடிவு செய்தார், என்னைக் கூப்பிட்டு “டெம்ப்ளேட்டை மட்டும் நீ போட்டுக் கொடும்மா, ரெண்டு நாள் வேலை” என்றார். மூன்று மாதம் ஆனது.

டெம்ப்ளேட் என்றால் திரையில் தெரியும் கட்டங்கள்தான் என்று நானும் நினைத்திருந்தேன். அது வெளித்தோல். ஒரு வகை ஆவணம் உள்ளே வரும்போது அதோடு என்னென்ன தகவல் ஒட்டிக்கொண்டு வர வேண்டும், எண் எப்படி விழ வேண்டும், யார் திறக்கலாம், எப்போது அழிக்கலாம், இத்தனையும் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

முதல் தப்பு என்னுடையது. டி.ஓ. (டெலிவரி ஆர்டர், சரக்கோடு வரும் சீட்டு) வகைக்கு 23 கட்டம் வைத்து அதில் 17ஐக் கட்டாயம் என்று பூட்டினேன், எதையும் விடக்கூடாது என்ற ஆசை. ஸ்டோரில் இருக்கும் அண்ணன் சாப் (முத்திரை) குத்திய டி.ஓ.வை ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டியவர், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் எல்லாக் கட்டத்திலும் ஒரு புள்ளி வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார். “நீ கேக்குறதெல்லாம் அந்தப் பேப்பர்லயே இல்லையே தங்கச்சி, நான் எங்க போவேன்?” நியாயம்தான். ஆறு கட்டாயக் கட்டங்களாகக் குறைத்தேன், அதில் இரண்டை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும்.

உண்மையில் உயிரை வாங்கியது பெயர்தான். மென்பொருளோடு வந்த ஊழியர் டெம்ப்ளேட்டில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? ஊரிலிருந்து வந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர், இன்னொருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில், மற்றொருவருக்கு வெறும் இனிஷியல். வொர்க் பெர்மிட்டில் ‘ராமசாமி செல்வம்’, சம்பளச் சீட்டில் ‘செல்வம் ராமசாமி’, இரண்டும் ஒரே ஆள், மென்பொருளுக்கு மட்டும் இரண்டு பேர். இங்கே பிறந்தவர்கள் விஷயம் வேறு மாதிரி. அடையாள அட்டையில் ‘குமார் எஸ்/ஓ ராஜேந்திரன்’ என்று இருக்கும் (எஸ்/ஓ என்றால் இன்னாரின் மகன், டி/ஓ என்றால் மகள்), டெம்ப்ளேட் அந்தப் பெயரை வைத்தே கோப்பின் தலைப்பை உண்டாக்கும், ஆனால் விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோடு வரக்கூடாது. கணக்காளருக்காகக் கோப்புகளை வெளியே எடுத்தபோது சில மட்டும் வரவே இல்லை. எது எது என்று பார்த்தால், எல்லாம் எஸ்/ஓ, டி/ஓ உள்ள கோப்புகள்! அப்பா பெயர் சாய்கோட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கடைசியில் இரண்டு கட்டங்களையும் தூக்கிவிட்டு ‘அட்டையில் உள்ளபடி பெயர்’ என்று ஒன்றே ஒன்று வைத்தேன், பக்கத்தில் ‘கூப்பிடும் பெயர்’, தலைப்பு உண்டாக எங்கள் சொந்த ஊழியர் எண். அன்றிலிருந்து பெயர்த் தகராறு இல்லை.

அடுத்தது அடையாள எண். வெளிநாட்டு ஊழியர் எண் எஃப் அல்லது ஜி-யில்தான் தொடங்கும் என்று மென்பொருளை விற்றவர் சோதனை விதி போட்டிருந்தார். 2022 ஜனவரியிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு எம் வரிசை கொடுக்கிறார்கள். புதுத் தம்பி ஒருவருடைய அட்டையை உள்ளே விடாமல் ‘தவறான எண்’ என்று சிவப்பில் காட்டிக்கொண்டே இருந்தது, பாவம், தன் அட்டையில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டார். அதே வேகத்தில் வருகையாளர் டெம்ப்ளேட்டில் இருந்த அடையாள அட்டை எண் கட்டத்தையும் எடுத்தேன். சட்டமோ, ஆளைத் துல்லியமாக உறுதிசெய்யும் அவசியமோ இல்லாத இடத்தில் அதைக் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1இலிருந்து விதி. எங்கள் பழைய நோட்டில் அதற்கப்புறமும் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

தேதிக் கூத்து சுருக்கமாக. பழைய எக்செல் பட்டியலை ஏற்றினால் 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை எல்லாம் பிழை என்று திரும்பி வந்தன, மற்றவை சமர்த்தாக உள்ளே போயின. திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் கவலைப்பட்டேன், போனதைப் பார்த்து அல்லவா கவலைப்பட்டிருக்க வேண்டும். சர்வரில் மாதம் முன்னால் வரும் அமெரிக்க அமைப்பு. 05/11/2022 நவம்பர் 5, அது மே 11 ஆகி உட்கார்ந்திருந்தது. முழுவதையும் அழித்து மறுபடி ஏற்றினோம். நல்லவேளை, சோதனைத் தளத்தில்தான் செய்துகொண்டிருந்தோம்.

அழிப்புக் காலத்துக்கு வருகிறேன். எத்தனை வருஷம் என்பதை யாரும் சொல்லிவிடுவார்கள், எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் வழுக்கும். வரிக் கணக்குக்கு 5 வருஷம் என்றால் இன்வாய்ஸ் தேதியிலிருந்து இல்லை, அது சேரும் வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து. எங்கள் கணக்கு டிசம்பரில் முடிவதால் 2020 இன்வாய்ஸ் 2021ஆம் மதிப்பீட்டு ஆண்டில் சேரும். ஊழியர் ஆவணம் இன்னும் வேறு. வேலையில் இருப்பவருக்குக் கடைசி 2 வருஷப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும், போனவருக்கு அவர் போனபின் 1 வருஷம். இது சட்டம் கேட்கும் குறைந்த அளவு. ஒப்பந்த விஷயமாக வழக்குப் போட 6 வருஷ அவகாசம் இருப்பதால் வேலை ஒப்பந்தத்துக்கு மட்டும் விலகிய நாளிலிருந்து 6 என்று வைத்தோம். இஷ்டத்துக்கு அதற்கு மேல் வைத்திருக்கவும் முடியாது, தேவை முடிந்த தனிப்பட்ட தகவலை வைத்திருக்கக்கூடாது என்று தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

சரி, போட்டாச்சு. வெள்ளோட்டமாக அழிப்புப் பட்டியலை எடுத்தோம், நிஜமாக எதையும் அழிக்காமல். முதல் பக்கத்திலேயே நம் ஸ்டோர் அண்ணனின் வேலை ஒப்பந்தம்! விலகிய நாள் காலியாக இருந்தால் ஆவணம் எழுதிய நாளிலிருந்து எண்ணிக்கொள் என்று டெம்ப்ளேட்டில் ஒரு தேர்வு முன்கூட்டியே டிக் ஆகி இருந்திருக்கிறது. அண்ணன் 9 வருஷமாக இருக்கிறார். பட்டியலை அவரிடம் காட்டினேன், கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். “என்னை எப்ப அழிக்கிறதா இருக்கீங்க, வெள்ளிக்கிழமையா? சனிக்கிழமை எனக்கு ஓ.டி. இருக்கு.”

டிக்கை எடுத்துவிட்டேன். அழிப்புப் பட்டியலில் இப்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் போகும், அதில் ஒருவர் ஸ்டோர் அண்ணன். கொட்டேஷன் டெம்ப்ளேட் இன்னும் பாக்கி, அதற்கு முதலாளி ஒரு நாள் கொடுத்திருக்கிறார்.