ஏயைக் கியவனும் ஜெர்மன் கீபோர்டும்

போன வாரம் அம்மாவுக்கு ஒரு செய்தி தட்டினேன். "இங்கே நாலு நாளாக மயை பெழ்கிறது." அனுப்பிய கையோடு சென்னை வியாசர்பாடியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. "இன்னாடா, உடம்பு கிடம்பு சரியில்லையா? நாக்கு குழற்ற மாதிரி எழுதியிருக்க."

நாக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. அலுவலக லேப்டாப்பில் சொந்த வேலை பார்க்கக் கூடாது. மகளுக்குப் பள்ளிப் பாடம், எனக்கு எல்ஸ்டர் தளத்தில் வருமான வரிக் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் அம்மா முகம். வீட்டுத் தேவை இவ்வளவுதான். மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை எண்பதுகளில் இங்கே வந்தவர். அவரிடம் யோசனை கேட்டேன். "தம்பி, புதுசு வாங்கிக் காசைக் கரியாக்காதையும். கந்தோருகளில கழிச்சு விடுற பெட்டியளைப் பாரும்" என்றார். கந்தோர் என்றால் அலுவலகம்.

நல்ல யோசனைதான். கம்பெனிகள் சில வருடக் குத்தகைக்கு எடுத்து, தவணை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிற ஆப்டிபிளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க் வகைப் பெட்டிகள் இங்கே குவிந்து கிடக்கின்றன. பார்க்க அழகில்லாத கறுப்புப் பெட்டி, ஆனால் உழைக்கும். கலர் கலராக விளக்கு எரியும் கேமிங் பெட்டி ஒன்றும் மலிவாக வந்தது. மகள் கெஞ்சினாள். அது குடிக்கிற கரண்டுக்கு, நம்ம ஊர் மாதிரி இலவச யூனிட் இங்கே யார் தருகிறார்கள்? வேண்டாம் என்றுவிட்டேன்.

பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் எண்ணைத்தான். இன்டெல் ஐ5 என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை. வெளியே இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவது எட்டிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துபோனதால், ஆறும் ஏழும் அடிமாட்டு விலைக்கு வருகின்றன. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு யோகம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அப்புறம், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் தொடவே கூடாது, அதைவிட வேகமான எஸ்எஸ்டிதான் வேண்டும். 8 ஜிபி ராம் நினைவகம் போதும், பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட் இருந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் வாங்கினால் பழைய பொருளுக்கும் குறைந்தது ஒரு வருடம் கடைக்காரர் பொறுப்பு. தனியாரிடம் மலிவு, ஆனால் விளம்பரத்திலேயே உத்தரவாதம் இல்லை, திருப்பி வாங்க மாட்டேன் என்று எழுதிவிடுவார்கள். நான் மலிவுப் பக்கம் போனேன். விலைக்குப் பக்கத்தில் VB, ஜெர்மன் உச்சரிப்பில் ஃபௌ பே, என்று இரண்டு எழுத்து இருந்தால் பேரம் பேசலாம் என்று அர்த்தம். எனக்கு அது போதாதா?

சென்னை ரிச்சி தெருவில் அப்பாவோடு முதல் கம்ப்யூட்டர் வாங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்பா பாதி விலையில் ஆரம்பிப்பார். கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவார். மூன்றாவது படியில் "சார், வாங்க சார், பேசிக்கலாம்" என்று குரல் வரும். டீ வரும். மவுஸ் பேட் இலவசமாக வரும்.

பக்கத்தில் போகும் (Bochum) என்ற நகரில் ஒரு ஓய்வுபெற்ற மனிதர் 110 யூரோ சொல்லியிருந்தார். நான் 60 என்றேன். அவர் யோசித்து 100 என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப வரேன்" தோரணையில் படியிறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பின்னால் "ச்சூஸ்" என்று ஒரு குரல். போய் வாங்க என்று அர்த்தம். கதவு மூடிக்கொண்டது.

நாலாவது படியில் நின்று நான் யோசித்ததை இங்கே எழுத முடியாது. திரும்பப் போய் மணி அடித்து 100 யூரோவையே கொடுத்தேன். அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, கீபோர்டையும் சும்மாவே தந்தார். ஊருக்குப் பொருள் கட்டுகிற பெரிய நீலப் பையில் எல்லாவற்றையும் திணித்து எஸ்-பான் ரயிலில் வந்து சேர்ந்தேன். வீட்டில் செருகிய பிறகுதான் வைஃபை இல்லை என்று தெரிந்தது. அலுவலகத்தில் கம்பி வழி இணையம், அதற்கு எதற்கு வைஃபை? பல கந்தோர்ப் பெட்டிகள் இப்படித்தான். கேட்காதது என் தப்பு. ஒரு சின்ன யுஎஸ்பி அடாப்டரில் தீர்ந்தது.

தீராதது அந்தக் கீபோர்டுதான். ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இஸட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவனுக்கு ஒய் என்றால் ய, இஸட் என்றால் ழ. விரல்கள் சென்னைப் பழக்கத்தில் போகின்றன, திரையில் கோயிக்குயம்பு வருகிறது. அண்ணைக்கு ஒரு செய்தியில் ழாய்ப்பாணம் என்று எழுதிவிட்டேன். "ஐசே, அது எங்கை இருக்கு?" என்று கேட்டார்.

செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் மகளுக்கு ஜெர்மன் எழுத்துகள் கிடைக்காமல் சண்டை. சரி, பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று ராத்திரி, பள்ளியில் தமிழய்யா சொல்ல வைத்த வரியைத் தட்டிப் பார்த்தேன். "ஏயைக் கியவன் வாயைப்பயத்தோல் வயுக்கிக் கீயே வியுந்தான்."

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. இது அப்படியே ஆயாவின் குரல். மூலக்கொத்தளத்தில் அவர் கூடையில் விற்றது வாயப்பயம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், தமிழய்யா ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டும் வரை. பிறகு ழ வந்துவிட்டது. வந்த ஜோரில், பத்து வயசில், ஆயாவையே திருத்தினேன். "பயம் இல்ல ஆயா, பழம்." அவர் கோபப்படவில்லை. "நீ படிச்ச புள்ள, நீ சொல்லு ராஜா" என்று ஒரு பயத்தை உரித்துக் கொடுத்தார்.

திரையை அணைக்கவில்லை. காலையில் மகள் அதன் முன் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, ஒரு எழுத்து பிசகாமல் படித்தாள்.

"அப்பா, கியவன்னா யாருப்பா?"