அமெரிக்கப் போனும் நம்மூர் சிம்மும்

வெளிநாட்டிலிருந்து போன் வருகிறது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது “அன்லாக்டா?” என்பதுதான். “ஆமாம்” என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். பிறகு ஜியோ சிம்மைப் போட்டால் நெட் ஓடும், கால் மட்டும் போகாது. இல்லாவிட்டால் சிம் போட ஓட்டையே இருக்காது. பூட்டு ஒன்றே ஒன்றுதான் என்று நினைப்பதால் வரும் வினை இது. சிம் பூட்டு (ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்பது), வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) அனுமதி, பேண்ட் (போன் பிடிக்கும் அலைவரிசை) இவை எல்லாம் தனித்தனிக் கதவுகள். ஒன்று திறந்தால் மற்றவையும் திறந்துவிட்டன என்று அர்த்தமில்லை.

சிம் பூட்டின் கதை பழையது. 2007 ஜூன் 29 அன்று முதல் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் அதை ஏடி அண்ட் டி என்ற நெட்வொர்க் நிறுவனம் மட்டுமே விற்றது. வெரைசன் வாடிக்கையாளர்கள் 2011 பிப்ரவரி வரையும், டி-மொபைல்காரர்கள் 2013 ஏப்ரல் வரையும் காத்திருந்தார்கள். 2008இல் ஐபோன் 3ஜி அங்கே 199 டாலர், கூடவே இரண்டு வருட ஒப்பந்தம். அந்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவில் ஏர்டெல்லும் வோடபோனும் 8 ஜிபி மாடலை 31,000 ரூபாய்க்கு விற்றன. முழுப் பணத்தையும் கட்டி, பூட்டையும் சேர்த்து வாங்கியது நாம்தான்.

இங்கே பெரும்பாலானோர் ப்ரீபெய்டு, போனைத் தனியாக வாங்குகிறவர்கள். அதனால் பூட்டி விற்கும் வழக்கம் வேர் பிடிக்கவில்லை. அடிமட்ட விலைப் போன்களில் மட்டும் பூட்டு இன்றும் உண்டு: 2017இல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன், 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் இரண்டுமே ஜியோ சிம்மைத் தவிர வேறெதையும் ஏற்காது.

அமெரிக்காவில் ஒப்பந்தத்தின் இடத்தைத் தவணை பிடித்துக்கொண்டது. வெரைசனிலும் ஏடி அண்ட் டியிலும் வழக்கமான தவணை 36 மாதம். “போன் இலவசம்” என்று விளம்பரம் சொன்னால், மாதாமாதம் பில்லில் அந்தத் தொகையைக் கழித்துக்கொடுக்கிறார்கள் என்று பொருள். நடுவில் மொத்தமாகக் கட்டி முடித்தால் மீதிக் கழிவு பெரும்பாலும் போய்விடும். கட்டாமல் விட்டால் பூட்டு திறக்காது. ஆக, அத்தை பையன் “ஃப்ரீயா கிடைச்சுது” என்று கொண்டுவரும் போன், நம்மூருக்கு ஏற்றதிலேயே கடைசி வகை. பூட்டு திறக்க, ஏடி அண்ட் டியில் முழுப் பணமும் கட்டியிருக்க வேண்டும், போன் அவர்கள் நெட்வொர்க்கில் 60 நாள் ஓடியிருக்க வேண்டும். டி-மொபைல் போஸ்ட்பெய்டில் 40 நாள். ப்ரீபெய்டில் ஒரு வருடம். வெரைசனின் விதி, போனை வாங்கிய தேதியைப் பொறுத்து மாறும். சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலைக்குத் தொங்கும் ப்ரீபெய்டு ஐபோன்களைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த விலைக்குக் காரணமே பூட்டுதான். ஆப்பிள் கடையில் வாங்கினால் “கனெக்ட் டு எனி கேரியர் லேட்டர்” என்ற தேர்வைச் சொல்லி, முழு விலை கட்டி எடுக்கச் சொல்லுங்கள்.

டொராண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருவதென்றால் கவலை குறைவு. பூட்டிய போன் விற்பதைக் கனடா 2017 டிசம்பர் 1 முதலும் பிரிட்டன் 2021 டிசம்பர் 17 முதலும் தடை செய்துவிட்டன. அதற்கு முன் விற்ற பழைய போன் கைமாறி வந்தால்தான் பார்க்க வேண்டும்.

பரிசோதிப்பது எளிது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய்க் கீழே இறங்கினால் “கேரியர் லாக்” என்று ஒரு வரி இருக்கும். அதில் “நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்” என்று இருந்தால் சரி. “சிம் லாக்ட்” என்று இருந்தால் நம்மூர் சிம்மைப் போட்டதும் “சிம் நாட் சப்போர்ட்டட்” என்று வந்து நிற்கும். இந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் விமானம் ஏறும் முன். பூட்டைத் திறக்கக் கணக்குக்காரர் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும், போன் மேல் பாக்கி இருக்கக் கூடாது, தொலைந்ததாகப் புகார் இருக்கக் கூடாது. இங்கே வந்த பிறகு இதைச் செய்வது நள்ளிரவில் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டுவது.

அதற்கு மாற்றாகக் கடைகளில் ஒரு ‘சில்லு’ வைத்துக் கொடுப்பார்கள். ஆர்-சிம் என்பது அதன் பெயர்களில் ஒன்று. நகத்தளவு மெல்லிய தகடு; சிம்மின் தங்கப் பரப்புக்கு மேல் ஒட்டி டிரேயில் செருகுவார்கள். போனிடம் “நான் ஏடி அண்ட் டி சிம்தான்” என்று பொய் சொல்வது அதன் வேலை. ஐஓஎஸ் அப்டேட் வரும்வரை ஓடும். அப்டேட் ஆனதும் சிக்னல் போகும், ரீசெட் செய்தால் ஆக்டிவேஷனிலேயே நிற்கும், தகடு மடங்கினால் டிரே சிக்கிக்கொள்ளும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். சிம்மின் மேல் இன்னொரு தகடு பளபளத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘கேரியர் லாக்’ வரியையும் கடைக்காரர் எதிரிலேயே பாருங்கள். *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (போனின் அடையாள எண்), கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் தட்டி இடைவெளி விட்டுச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து சிம் ஓட்டை. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் டிரே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டுமே. (ஆர்-சிம் தகட்டுக்கும் இங்கே வேலை இல்லை, அந்த அளவில் நல்லது.) ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா) மூன்றிலும் இசிம் உண்டு, பிஎஸ்என்எல் 2025இல்தான் தொடங்கியது. இதில் ஒரு சிக்கல். இசிம்முக்கு மாற்றக் கேட்கும் எஸ்எம்எஸ், இப்போது உங்கள் கையில் இருக்கும் பழைய சிம்மிலிருந்தே போக வேண்டும். புதுப் போனில் அதைச் செருக முடியாது. ஆகவே பழைய போனை அவசரப்பட்டு விற்காதீர்கள். ஜியோவில் புதுப் போனின் 32 இலக்க இஐடி எண்ணும் (இசிம்மின் அடையாள எண்) ஐஎம்இஐயும் கேட்பார்கள். இரண்டும் அதே அபவுட் பக்கத்தில் இருக்கும். பார்த்துத் தட்டினால் ஒரு இலக்கமாவது தப்பும், காப்பி பேஸ்ட் செய்யுங்கள். மாறும்போது புதுப் போன் வைஃபையில் இருக்க வேண்டும். இசிம்மை இறக்க நிறுவனம் க்யூஆர் கொடுத்தால், அது ஒருமுறைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸைத் துழாவும்போது இசிம்மை அழித்துவிட்டால் மறுபடி நிறுவனத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

பலர் கோட்டை விடுவது வோல்ட்இயில். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை 3ஜியும் இல்லை. 2016இல் தொடங்கியதே 4ஜியில்தான். அங்கே குரல் அழைப்பு முழுக்க வோல்ட்இ வழி. வோல்ட்இ வேலை செய்யாத போனில் ஜியோ சிம் போட்டால் யூடியூப் ஓடும், அம்மாவுக்குப் போன் போட முடியாது. அதே போனில் ஏர்டெல்லோ வியோ போட்டால், கால் வரும்போது 2ஜிக்கு இறங்கிப் பேசலாம். பேசும் நேரத்தில் நெட் மட்டும் நிற்கும். வோல்ட்இ என்பது வன்பொருளோடு முடிவதில்லை. எந்த நாட்டில், எந்த நெட்வொர்க்கில் அதை இயக்கலாம் என்று போனுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். அதில் நம்மூர் நெட்வொர்க் இல்லாவிட்டால், அன்லாக் செய்த போனும் பாதிப் போன்தான்.

இதற்கு எல்லோரும் கண்ட உதாரணம் ஒன்று உண்டு. இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் வந்தது. ஐபோன் 12 வரிசையிலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் 5ஜி வன்பொருள் இருந்தது. ஆனாலும் டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வரும்வரை இங்கே ஒன்றிலும் 5ஜி ஓடவில்லை. சிம் பூட்டு இல்லை, பேண்ட் இருந்தது, பட்டியலில் பெயர் மட்டும் இல்லை.

ஐபோனில் இப்போது இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டில்தான் கவனம் வேண்டும். சாம்சங் கேலக்ஸியின் மாடல் எண் முடிவில் ‘யு’ என்றிருந்தால் அமெரிக்க நெட்வொர்க் நிறுவனங்களுக்காகச் செய்தது. ‘யு1’ அங்கே பூட்டில்லாமல் விற்பது. இந்தியாவில் விற்கும் எஸ் வரிசையின் முடிவில் பெரும்பாலும் ‘பி’ இருக்கும். ‘யு’ வகையில் நம்மூர் வோல்ட்இ தலைகாட்டாமல் போகலாம். சாம்சங்கில் இன்னொரு பூட்டும் இருக்கிறது, இது நெட்வொர்க் பூட்டு அல்ல, வட்டாரப் பூட்டு. புதுப் பெட்டியின் மேல் சின்ன ஸ்டிக்கரில், எந்த நாடுகளின் சிம்மோடு முதலில் இயக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்த வட்டாரத்துச் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசிவிட்டால் திறந்துவிடும். துபாயிலிருந்து சீல் உடைக்காமல் கொண்டுவருபவர்கள் மாட்டுவது இதில்தான். சீலை அங்கேயே உடைத்து, அந்த ஊர் சிம்மில் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

பேண்ட் விஷயத்துக்கு வந்தால், ஜியோவின் 4ஜி 3, 5, 40 என்ற பேண்ட்களில் ஓடுகிறது. ஏர்டெல்லும் வியும் 1, 3, 8, 40 பேண்ட்களைப் பயன்படுத்துகின்றன. வியிடம் 41ம் உண்டு. பிஎஸ்என்எல் 4ஜி 28 மற்றும் 1. எண் எதுவானாலும், அலைவரிசை குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் துளைக்கும். 850 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 5, 900த்தில் ஓடும் 8, 700இல் ஓடும் 28 இவைதான் கிராமத்திலும் கான்கிரீட் வீட்டின் உள்ளறையிலும் காப்பாற்றுபவை. 2300இல் ஓடும் 40 டவருக்குப் பக்கத்தில் வேகம் கொடுக்கும். பிஎஸ்என்எல்லுக்குப் போகிறவர்கள் 28 இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். மற்ற மூவரும் 4ஜிக்கு அதைப் பயன்படுத்தாததால், இங்கே விற்ற பல பழைய போன்களில் அது வைக்கப்படவே இல்லை. “பிஎஸ்என்எல் 4ஜி வரவே இல்லை” என்று திட்டுபவர்களில் சிலருக்குக் குறை டவரில் இல்லை, போனில். 5ஜிக்கு என்78 என்ற பேண்ட் வேண்டும். அமெரிக்க மாடலில் என்77 இருக்கிறதே, அதுவே போதும் என்று எண்ணாதீர்கள்; என்78 என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவின் 5ஜி தனித்து நிற்கும் எஸ்ஏ வகை. ஏர்டெல் தொடங்கியது 4ஜியின் முதுகில் ஏறிவரும் என்எஸ்ஏ வகையில். முதல் தலைமுறை 5ஜி போன்கள் சிலவற்றுக்கு எஸ்ஏ தெரியாது, அவற்றில் ஜியோ 5ஜி ஓடாது.

சரி, எந்த நெட்வொர்க்? தெருவில் நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும், நான்கும் அவரவர் வீட்டுக்கு உண்மை. நெட்வொர்க் என்பது உங்கள் வீட்டுக்கு எதிரே எந்த டவர், அதில் மாலையில் எத்தனை பேர் என்பது மட்டுமே. நிறுவனங்களின் இணையதளத்தில் இருக்கும் கவரேஜ் வரைபடம் தெருவரை சொல்லும், அடுக்களையைச் சொல்லாது. நண்பரிடம் அந்த நெட்வொர்க் சிம் இருந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சின்ன ரீசார்ஜோடு ஒரு சிம் வாங்கி இரண்டாவது இடத்தில் போட்டு ஒரு வாரம் பாருங்கள். சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், அவை ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு விதம். ஐபோனில் *3001#12345#* டயல் செய்தால் ஃபீல்ட் டெஸ்ட் திறக்கும். ஆண்ட்ராய்டில் அபவுட் போன் பகுதியில் சிம் ஸ்டேட்டஸ் பாருங்கள். சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் மைனஸில் இருக்கும். -90க்கு மேலே, அதாவது -80, -85 என்றால் நல்ல சிக்னல். -100ஐத் தாண்டினால் சுமார். -115இல் கால் அறுந்து அறுந்து போகும். வாசலில் -88 காட்டும் போன், ஜன்னல் இல்லாத படுக்கையறையில் -112 காட்டுவது சாதாரணம். கதவைச் சாத்திவிட்டு, படுக்கும் இடத்தில் அளந்து பாருங்கள். வேகத்தை இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எல்லா நெட்வொர்க்கும் பறக்கும்.

இரண்டு சிம்மும் ஒரே நிறுவனமாக இருந்தால் டவர் படுக்கும்போது இரண்டும் சேர்ந்தே படுக்கும். ஒன்று ஜியோ என்றால் மற்றொன்று 2ஜி வைத்திருக்கும் நெட்வொர்க்காக இருப்பது நல்லது.

முடிவு செய்த பிறகு, அதே எண்ணோடு நெட்வொர்க் மாறுவது. போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். உங்கள் பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும் இந்த ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. எட்டு எழுத்துள்ள யுபிசி குறியீடு வரும், தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். இப்போதிருக்கும் நெட்வொர்க்கில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டில் பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும், 2024 ஜூலையிலிருந்து இந்த விதி. யுபிசி வராமல் மறுப்பு வந்தால் காரணத்தையும் அதிலேயே சொல்வார்கள், பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும். குறியீட்டோடு கடைக்குப் போய் ஆதார் கொடுத்துப் புது சிம் வாங்கினால், மாநிலத்துக்குள் மூன்று வேலை நாள், வேறு தொலைத்தொடர்பு வட்டத்துக்கு என்றால் ஐந்து.

பழைய சிம்மின் மீதி பேலன்ஸும் வேலிடிட்டியும் அதோடு போகும். ஆகவே பேக் முடிய ஐந்தாறு நாள் இருக்கும்போது தொடங்குவது கணக்குக்குச் சரி. “உங்களுக்காக ஸ்பெஷல் ஆஃபர்” என்று பழைய நிறுவனம் அழைக்கும். மனம் மாறினால் கேன்சல் என்று ஆங்கிலத்தில் தட்டி எண்ணோடு அதே 1900க்கு அனுப்பலாம், ஆனால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள். பழைய சிம் உயிர் போனதும் புதியதைப் போடுங்கள். வாட்ஸ்ஆப் அப்படியே ஓடும். யுபிஐ ஆப்கள் மட்டும் சிம் மாறியதைக் கண்டுபிடித்து மறுபடி சரிபார்க்கச் சொல்லும், அதற்கு அந்தப் புது சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். அந்த ஒரு நாளுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.