மஞ்சள் கரை வரவில்லை

ஸ்நேக் பிளான்ட் இலைத்துண்டு தண்ணீரிலேயே வேர்விட்டுக் கன்றும் ஈன்றுவிட்டது. இது மூன்றாவது முயற்சி. தண்ணீரில் நிறுத்தி நேற்றோடு 163 நாள். கன்று நலமாக இருக்கிறது. ஆனால் தாய்ச்செடியின் இலையில் புடவைக்குப் போட்டதுபோல் ஓடுகிற மஞ்சள் கரை கன்றில் இல்லை. வெறும் பச்சை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

மணி பிளான்ட்டை வெட்டித் தண்ணீரில் போடுவதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கணு ஒன்று தண்ணீருக்குள் இருந்தால் போதும், பத்து நாளில் வேர் வரும். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஜன்னல்களில் தொங்குவது ஒரே கொடியின் துண்டுகள்தான். மணி பிளான்ட் தானாகப் பூப்பது மிக மிக அரிது. உடம்பில் ஜிப்ரலின் என்னும் ஊக்கி போதிய அளவு சுரக்காததே காரணம் என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. பூவே இல்லாத ஒன்று துண்டு துண்டாகவே இத்தனை ஊர்களுக்குப் பரவியிருக்கிறது என்றால் அதன் வேர்விடும் திறமையைப் பற்றி நான் என்ன பெருமை பேச!

ஸ்நேக் பிளான்ட் அப்படியில்லை. இலைக்குள் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் வறண்ட நிலத்துச் செடி அது. நம் ஊர்க் காடுகளில் நாருக்காக அறுக்கும் மருள் செடிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அதைத் தண்ணீரில் நிறுத்துவது ஒட்டகத்தைக் குளத்தில் கட்டிப்போடுவது போன்ற வேலை. மண்ணில் நட்டால் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். தெரியும். எனக்கு வேர் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

முதல் முயற்சி போன மே மாதம். இரண்டடி நீள இலை ஒன்றை அடியோடு அறுத்து, ஆறு துண்டாக்கி, வெட்டிய கையோடு தண்ணீரில் நிறுத்தினேன். அறுக்க எடுத்தது அரிவாள்மனை. ஒன்பதாம் நாள் துண்டுகளின் அடிப்பாகம் வெந்த கத்தரிக்காய்போலக் குழைந்துவிட்டது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, “எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா பாரம்மா” என்று அலமாரியை நகர்த்தச் சொன்னார். நாற்றம் பாட்டிலில் இருந்துதான் வருகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் நகர்த்தினேன்.

பழியைத் தண்ணீர்மேல் போட்டேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்தால் டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1400 காட்டுகிறது. வாளியில் வெள்ளைத் தடம் படிகிற நீர். எனவே ஜூலையில் இரண்டாம் முயற்சியின்போது மூன்று வகை நீர் வைத்துப் பார்த்தேன்: கிணற்று நீர், ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் வாடை போன குழாய் நீர், வடிகட்டிய குடிநீர். பாட்டிலுக்கு இரண்டு துண்டு. மூன்று வாரத்தில் நான்கு அழுகின, மூன்று பாட்டிலிலும் கைவரிசை காட்டியபடி. மீதி இரண்டும் அழுகவும் இல்லை, வேர்விடவும் இல்லை. அக்டோபர்வரை விறைப்பாக, காவலுக்கு நிற்பதுபோல் நின்றன. பிறகுதான் வெட்டுவதற்கு முன் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையில் இருந்த கீறல் ஒன்று படத்தில் ஒரு பக்கம், பாட்டிலில் எதிர்ப்பக்கம். இரண்டு துண்டையும் தலைகீழாக நிறுத்தியிருக்கிறேன்!

தலைகீழாக வைத்தால் அதற்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஆக்சின் என்ற ஊக்கி இலைக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் நகர்கிறது. வெட்டிய பின்னும் அந்தத் திசை மாறுவதில்லை. அடிப்பக்க வெட்டில் போய்த் தேங்குகிறது; வேர் அங்கேதான் புறப்படும். நாம் பாட்டிலைத் திருப்பி வைப்பதால் அதன் மேல் கீழ் மாறாது.

இனி வெட்டைப் பற்றி. மற்றவர்கள் இரண்டு வரியில் தாண்டிப்போகும் இடம் இது. நான் இதில்தான் ஆறு மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அரிவாள்மனை கூர்மையாக இருந்தாலும் இலையை நாம் அதன்மேல் அழுத்துகிறோம். வெட்டின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சதை நசுங்கிக் கரும்பச்சையாக நனைந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அழுகல் தொடங்குவது அந்த ஓரத்தில்தான். கத்தரிக்கோல் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் நசுக்கும். காய் நறுக்கும் கத்தியில் இலையின் நார் இழுபட்டுப் பிசிறு நிற்கிறது. கடைசியில் கைகொடுத்தது சவரப் பிளேடு, அதுவும் புதியது, ஒரு துண்டுக்கு ஒரு முனை. இலையைப் பலகைமேல் படுக்க வைத்து, அழுத்தாமல், இழுத்து வெட்ட வேண்டும். சரியாக வெட்டினால் வெட்டுவாய் கண்ணாடிபோல மினுங்கும். ஈரம் முத்து முத்தாக நிற்கும், வழியாது.

அடியில் தலைகீழ் ‘வி’ போல வெட்டச் சொல்வார்கள். வெட்டுவாய் நீளமாகிறது, வேர்விட இடம் கூடுகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இருக்கலாம். என் அனுபவத்தில் அதன் முதல் பயன் வேறு: எந்தப் பக்கம் கீழே என்று மறக்காது. இரண்டு கால் இருக்கிற பக்கம் கீழே. இதை ஜூலையிலேயே செய்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

அடுத்தது உலர்த்துவது. அக்டோபர் 12 அன்று வெட்டினேன், 15 அன்றுதான் தண்ணீரைக் காட்டினேன். இடையில் மூன்று நாள், வெயில் படாமல், மின்விசிறிக் காற்று படும்படி செய்தித்தாள்மேல் கிடந்தன. மூன்றாம் நாள் வெட்டுவாயைத் தொட்டால் காய்ந்த அப்பளத்தின் ஓரம்போலச் சொரசொரத்தது. அந்தப் பொருக்குதான் கவசம். அத்தை ஒரு துண்டின் வெட்டில் விபூதி தடவிவிட்டார். சாம்பல்தானே, ஈரத்தை இழுக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அது அழுகவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன், தடவாததும் அழுகவில்லை. தேன், பட்டைத்தூள், கற்றாழை என்று ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். வேரூக்கிப் பொடியில் இருக்கிற ஐபிஏவாவது ஆக்சின் இனத்தைச் சேர்ந்தது. தேன் எறும்பைத்தான் கூட்டி வந்தது.

தண்ணீர் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். துண்டு பாட்டிலின் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப்பால் கவ்வி, கிளிப்பை ஜாடியின் வாய்க்குக் குறுக்கே வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த ஒரு யோசனைக்கு மட்டும் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

நேர்மையாகச் சொன்னால், ஜெயித்தது பிளேடா, உலர்த்தலா, பருவமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். வெந்நீர் போன்ற மே மாதத்துத் தண்ணீருக்கும் ஐப்பசி மழைத் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 35 டிகிரியில் அது 7க்கு இறங்கிவிடும். மூச்சுக் குறைகிற நீரில், சூட்டில் பெருகுகிற கிருமிகளுக்கு நடுவில், நசுங்கிய சதையை நிறுத்தினால் வேறு என்ன நடக்கும்? சென்னையில் சித்திரை வைகாசியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

நவம்பர் 27, நாற்பத்து மூன்றாம் நாள். தண்ணீர் மாற்றத் தூக்கியபோது ‘வி’யின் இடது காலில், பொருக்கை உடைத்துக்கொண்டு, அரிசிக் குருணை அளவில் வெள்ளையாக ஒன்று. பூஞ்சை என்று நினைத்து விரலால் தேய்க்கப் போனேன். நல்லவேளை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். முனை கூராக, ஊசி மாதிரி, கீழ்நோக்கி இருந்தது. டிசம்பர் முடிவதற்குள் ஏழு வேர்கள்.

இதற்கிடையில் டெங்கு தடுப்புக்கு வீடு வீடாகப் பார்க்கும் பணியாளர் ஒருவர் வந்தார். கையில் டார்ச். பால்கனியில் வரிசையாகப் பதினொரு பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. “இது எல்லாம் என்ன அம்மா?” செடி என்றேன். ஒவ்வொன்றாக ஒளியடித்துப் பார்த்து, மணி பிளான்ட் பாட்டில் ஒன்றில் நெளிந்துகொண்டிருந்த புழுக்களைக் காட்டினார். தப்பு என்னுடையதுதான், தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்த களைப்பில் அந்த ஒன்றை மட்டும் மாற்ற மறந்திருந்தேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள் போதும். தெளிந்து நிற்கும் நீர்தான் அதற்குப் பிடிக்கும், நமக்கும் அதேதான் வேண்டியிருக்கிறது. இப்போது புதனும் ஞாயிறும் தண்ணீர் மாற்றுகிறேன். ஜாடி வாய்களுக்குப் பழைய கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட்.

மார்ச் 3 அன்று கன்று தலைகாட்டியது. வேர்களுக்கு நடுவே வெளிர் ஆரஞ்சு நிறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழங்கு ஒன்று புடைத்து, அதன் முனையில் சுருட்டிய வெற்றிலைபோல ஒரு குருத்து. தினமும் காலையில் காபியோடு அதன் எதிரில் உட்கார்ந்தேன். போன வாரம் குருத்து விரிந்தது. பச்சை. கரும்பச்சையில் இளம்பச்சை வரிகள். கரை இல்லை.

இது நடக்கும் என்று படித்திருந்தேன். ஆனாலும் என் வீட்டில் நடக்காது என்று ஒரு நப்பாசை. மஞ்சள் கரை என்பது செடி முழுக்க இருக்கிற குணம் அல்ல. இரண்டு விதத் திசுக்கள் ஓர் இலைக்குள் அடுக்கடுக்காகக் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒன்றில் பச்சையம் உண்டு, மற்றதில் இல்லை. இலைத்துண்டிலிருந்து புதிதாக எழும் கன்று பச்சைத் திசுவிலிருந்து மட்டும் கிளம்புகிறது, மற்றவரைக் கூட்டி வருவதில்லை. மஞ்சளிலிருந்து மட்டும் கிளம்பினாலோ பச்சையமே இல்லாமல் தனக்கு வேண்டிய உணவைச் செய்துகொள்ள முடியாமல் போகும். மணி பிளான்ட் வெட்டில் மஞ்சள் தெளிப்பு அப்படியே வருகிறதே என்றால், அங்கே கணுவில் மொட்டு முன்பே இருக்கிறது, இரண்டு திசுவும் சேர்ந்த மொட்டு. இலைத்துண்டில் மொட்டு கிடையாது. கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து, கிழங்கோடு பக்கக்கன்றைப் பிரிப்பது ஒன்றே வழி.

வழக்கமாகச் செடி வாங்கும் நர்சரியில் படத்தைக் காட்டினேன். அங்கிருந்த அண்ணன் சிரித்தார். “இதே பச்சைச் செடி என்னிடம் 60 ரூபாய், அக்கா.” அவரிடம் இனி இரண்டு மாதம் எதுவும் வாங்குவதாக இல்லை. ஆனால் அவரிடம் கறுப்பு ரப்பர் செடி வந்திருக்கிறது. அதன் கிளை நுனியை வெட்டினால் வழிகிற பாலை என்ன செய்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். வெட்டியதும் ஓடும் நீரில் கழுவி, பால் நின்ற பிறகு வைப்பதாகத் திட்டம். அதற்குச் சோதனைக்குழாய்கள் வேண்டும். பாரிமுனைக்குப் போக வேண்டும். இசட்இசட் செடியின் சிற்றிலைகள் ஐந்து டிசம்பரிலிருந்து மருந்து பாட்டிலில் நிற்கின்றன. அடியில் பட்டாணி அளவுக்குக் கிழங்கு கட்டியிருக்கிறது, தளிர் இல்லை.

கன்றை இன்னும் மண்ணுக்கு மாற்றவில்லை. நீரில் வளர்ந்த வேர் கண்ணாடிக் குச்சிபோல ஒடிகிறது. செம்மண்ணும் ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் கலந்து வைத்துவிட்டேன், வேர் இன்னும் ஒரு விரற்கடை நீளட்டும் என்று தள்ளிப்போடுகிறேன். அத்தைக்கு அந்தப் பொறுமை இல்லை. கன்று நிற்பது அவருடைய ஊறுகாய் ஜாடியில். நேற்று சந்தையிலிருந்து மூன்று படி மாவடு வந்து இறங்கியிருக்கிறது. உப்புப் போட்டு அடுக்கில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜாடி கழுவிக் காய்ந்திருக்க வேண்டுமாம்.